விழுங்கவிட்டுப் பிடித்ததை ‘விட்டுட்டேன்’ என்று சொல்லாதீர்கள்



நான் இன்னும் ஹூஸ்டனில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். முட்டிவலி பரவாயில்லை. கேட்ட எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும். இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் எதுவும் வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. பிறகு பழைய மாணவர்கள் குழுவிலும் அதையே பார்த்தேன். கால்வெஸ்டன் பக்கம் நம் பிள்ளைகள் நாலைந்து பேர் உயிர் இரை போட்டு ஃப்ளவுண்டர் மீன் பிடிக்கிறார்கள். வந்த மீன் சட்ட அளவுக்குச் சின்னது. முள் தொண்டைக்குள் போயிருக்கிறது. குறடு வைத்து இரண்டு தடவை முறுக்கி, ரத்தத்தோடு முள்ளை இழுத்து, மீனைத் தட்டு எறிகிற மாதிரி தண்ணீரில் எறிகிறார்கள். “ரிலீஸ் பண்ணியாச்சு, போய்ப் பெரிசாகி வா!” என்று கைதட்டல். அதன் கீழே நாற்பது இதயம், இருபது கைகூப்பு. “என்ன ஒரு கருணை!” என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அந்தக் கருணையைப் பற்றித்தான் எழுத வந்தேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. அந்த வீடியோவில் இருக்கிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். லைசென்ஸ் எடுத்திருக்கிறார்கள், அளவுகோல் வைத்திருக்கிறார்கள், சட்டத்தை மதிக்கிறார்கள். அதனால்தான் அவர்களோடு சண்டை போடுகிறேன். சட்டத்தை மதிக்காதவனோடு சண்டை போட போலீஸ் இருக்கிறது. சட்டத்தை மதித்துக்கொண்டே தவறு செய்பவனோடு சண்டை போட வாத்தியார்தான் வேண்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உயிர் இரையை எப்படிக் கோக்கிறோம், கடித்த பிறகு எத்தனை நேரம் காத்திருக்கிறோம் என்பதிலேயே அந்த மீன் பிழைப்பதும் சாவதும் முடிவாகிவிடுகிறது. முள்ளை வயிறு வரை விழுங்கவிட்டுவிட்டு, பிறகு மீனைத் தண்ணீரில் போட்டு ‘விட்டுட்டேன்’ என்பது பெரும்பாலும் பொய். நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற பொய்.

முதலில் மீனைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் விலங்கியல் டீச்சர், பாடம் எடுக்காமல் இருக்க முடியாது.

டெக்சாஸ் கடலோரத்தில் நம் பிள்ளைகள் பிடிப்பது பெரும்பாலும் தெற்கத்திய ஃப்ளவுண்டர். தட்டை மீன். முட்டையிலிருந்து வரும்போது மற்ற மீன்களைப் போலவே தலைக்கு இருபுறமும் ஒவ்வொரு கண்ணோடு நேராக நீந்தும். சில வாரங்களில் வலது கண் மெல்ல நகர்ந்து இடப்பக்கம் வந்துவிடும். அதன்பிறகு கண்ணில்லாத பக்கத்தைத் தரையில் வைத்துப் படுத்துவிடும். மேல்பக்கம் மணலின் நிறத்துக்கு மாறும், அடிப்பக்கம் வெள்ளை.

நம் கடலிலும் இந்த வகையின் தூரத்துச் சொந்தம் உண்டு, எருமை நாக்கு. நாகப்பட்டினம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மீனின் அறிவியல் பெயரில் ‘எருமெய்’ என்ற சொல் இருக்கிறது. 1801-இல் ப்ளாக், ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் இருவரின் நூலில் அந்தப் பெயர் வந்தது. மீன் போனது நம் தரங்கம்பாடியிலிருந்து. நம் மீனவர் சொன்ன பெயரையே அவர்கள் லத்தீனில் ஏற்றிவிட்டார்கள். ஆகவே ‘இது அமெரிக்கா மீன், உங்களுக்கு என்ன தெரியும் டீச்சர்’ என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

ஃப்ளவுண்டர் துரத்தி வேட்டையாடுகிற மீன் அல்ல. மணலில் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக் காத்திருக்கும். சின்ன மீனோ இறாலோ தலைக்கு மேலே போனால் ஒரே பாய்ச்சல். அதனால்தான் உயிர் இரை இதற்கு அவ்வளவு வேலை செய்கிறது. துடிக்கிற இரையைக் கண் பார்த்துவிட்டால் போதும். ஆனால் பிடித்த உடனே விழுங்காது. குறுக்காகக் கவ்விக்கொண்டு அப்படியே படுத்திருக்கும். பிறகு மெல்லத் திருப்பி, தலைப்பக்கமாக உள்ளே வாங்கும். கையில் தூண்டில் பிடித்திருப்பவருக்கு முதலில் ‘டொக்’ என்று ஒரு தட்டு தெரியும். அப்புறம் ஈரச் சாக்கு மாட்டின மாதிரி ஒரு கனம். புதியவர்கள் சேற்றில் மாட்டிவிட்டது என்றே நினைப்பார்கள்.

இந்த ‘கவ்விக்கொண்டு படுத்திருக்கும்’ பழக்கத்தால்தான் ஊரெல்லாம் ஒரு பாடம் சொல்கிறார்கள்: “கடித்ததும் இழுக்காதே, முப்பது எண்ணு. நன்றாக விழுங்கட்டும்.” நம் பிள்ளைகளும் அதைத்தான் செய்கிறார்கள். நீளக் காலுள்ள சாதாரண முள், அதில் பெரிய மடவைக் குஞ்சு, முப்பது எண்ணிக்கை. முப்பது எண்ணி முடிப்பதற்குள் முள் வாயைத் தாண்டி, செவுளைத் தாண்டி, உணவுக்குழாய்க்குள் போயிருக்கும். இழுத்தால் அங்கேதான் குத்தும். பக்கத்தில் இதயமும் செவுளின் ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. பத்தாம் வகுப்பில் படம் போட்டுப் பாகம் குறித்தீர்களே, அதெல்லாம் மதிப்பெண்ணுக்கு மட்டும்தானா?

ஆழமாக முள் விழுங்கிய மீன், தாடையில் மாட்டிய மீனைவிட விட்டபின் சாவது மிக அதிகம். பல இன மீன்களில் நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது. யாரும் மறுப்பதில்லை. ஆனால் படித்துறையில் நிற்கும்போது யாருக்கும் நினைவு வருவதில்லை.

சரி, இப்போது பிள்ளைகள் எனக்குச் சொன்ன பதில்களுக்கு வருகிறேன். சிலர் தொலைபேசியில் சொன்னார்கள், சிலர் அவர்கள் அம்மாக்கள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. “டீச்சர், அது உயிரோட நீந்திப் போச்சு. நாங்க கண்ணால பார்த்தோம்.”

நீங்கள் பார்த்தது அது கீழே போனதை. வளர்ந்த ஃப்ளவுண்டருக்குக் காற்றுப்பை கிடையாது. தரையில் படுத்து வாழும் மீனுக்கு மிதக்க வேண்டிய அவசியம் இல்லை. நம் குளத்துக் கெண்டை செத்தால் வயிறு மேலாக மிதக்கும், ஊரே பார்க்கும். இது செத்தாலும் அடியில் போய் மணல்மேல்தான் கிடக்கும். நண்டுக்கும் கெளுத்திக்கும்தான் தெரியும். நீங்கள் பார்க்கவில்லை என்பது அது பிழைத்ததற்குச் சாட்சி ஆகாது. சாட்சி சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் தண்ணீருக்கு அடியில் இருக்கிறார்கள்.

2. “நாங்க சட்டத்தை மீறலையே?”

மீறவில்லை. அதுதான் சிக்கல். டெக்சாஸில் 2020 செப்டம்பரிலிருந்து ஃப்ளவுண்டருக்குக் குறைந்தபட்ச அளவு 15 அங்குலம். அதற்குமுன் 14. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து. 2021-இலிருந்து நவம்பர் 1 முதல் டிசம்பர் 14 வரை ஒன்றுகூட எடுக்கக் கூடாது. இது ஏன் வந்தது என்று யோசித்தீர்களா? பல வருடங்களாக மீன் குறைந்துகொண்டே வந்ததால். பெண்மீன் ஒரு தடவையாவது முட்டையிட்டுவிட்டு உங்கள் தட்டுக்கு வரட்டும் என்பதற்காக.

இந்த இனத்தில் ஆண் பெரிதாக வளராது. ஓரடி நீளத்தைத் தாண்டுவதே அபூர்வம். ஆக 15 அங்குலத்துக்கு மேல் நீங்கள் ஐஸ்பெட்டியில் வைப்பது ஏறக்குறைய எல்லாமே பெண். அளவுக்குச் சின்னது என்று திருப்பி விடுகிறீர்களே, அதில் சில ஆண், பல இன்னும் தாயாகாத பெண். சட்டம் அந்தச் சின்னப் பெண்மீனுக்கு ஒரு வாய்ப்பு தருகிறது. நீங்கள் அதன் தொண்டையைக் கிழித்துவிட்டு அந்த வாய்ப்பைக் கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள். சட்டத்தின் அளவுகோலுக்கு மீனின் நீளம்தான் தெரியும், வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று தெரியாது. அது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இரவில் விளக்கு வைத்து, முழங்கால் தண்ணீரில் நடந்து, ஈட்டியால் ஃப்ளவுண்டர் குத்துகிறவர்கள் அங்கே உண்டு. நம் பிள்ளைகள் அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ஆனால் ஈட்டிக்காரர் குத்துவதற்கு முன்னால் கண்ணால் அளந்தாக வேண்டும். குத்தினபின் திருப்பி விட முடியாது என்று அவருக்குத் தெரியும். நாம் குத்திவிட்டுப் பிறகு அளக்கிறோம். இதில் யார் நாகரிகம், யார் முரடு?

3. “காலம்காலமா இங்க எல்லாரும் முப்பது எண்ணித்தான் இழுக்கிறாங்க.”

காலம்காலமாக என்றால் எந்தக் காலம்? அளவு விதியே இல்லாத காலத்தில் வந்த வழக்கம் அது. அந்தக் காலத்தில் வந்த மீனெல்லாம் வீட்டுக்குத்தான் போயிற்று. சின்னதோ பெரியதோ, சட்டியில் விழப்போகிற மீன் முள்ளை எங்கே விழுங்கினால் என்ன? அந்தத் தாத்தாவுக்கு அந்தப் பாடம் சரி. அவர் எதையும் திருப்பி விடவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. நீங்கள் அவருடைய முறையை வைத்துக்கொண்டு இன்றைய விதிப்படி பாதி மீனைத் திருப்பி விடுகிறீர்கள். அவர் காலத்து எண்ணிக்கையும் உங்கள் காலத்து அளவுகோலும் ஒரே கையில் இருக்க முடியாது.

4. “இழுவைப் படகுதானே டீச்சர் எல்லாத்தையும் அள்ளுது? நாலு பேர் தூண்டில் போட்டா என்ன ஆகிடும்?”

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஏனென்றால் பாதி உண்மை. இறால் இழுவை வலையில் சின்ன ஃப்ளவுண்டர் ஏராளமாக மாட்டிச் செத்தது உண்மை. அதனால்தான் டெக்சாஸில் 1995-இல் சட்டம் போட்டு, விரிகுடாக்களில் இறால் பிடிக்கும் உரிமங்களை அரசே விலை கொடுத்துத் திரும்ப வாங்கத் தொடங்கியது. வலைகள் குறைந்தன. ஆனாலும் ஃப்ளவுண்டரின் சரிவு நிற்கவில்லை. ஒரு காரணம் சூடு. இந்த மீனின் குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் அது வளரும் தண்ணீரின் வெப்பத்தையும் பொறுத்தது. தண்ணீர் அதிகம் வெதுவெதுப்பானால் ஆண் கூடுகிறது, பெண் குறைகிறது. அடுத்து குளிர்காலம். முதல் குளிர்க்காற்று வந்ததும் விரிகுடாவிலிருந்து ஆழ்கடலுக்கு முட்டையிடப் போகும் மீன் இது. குளிர்காலம் சூடானால் இந்த ஓட்டமும் தடுமாறும்.

ஆக, பெண்மீன் ஏற்கெனவே குறைவு. இந்த நிலையில் தூண்டில்காரர் நாலு பேர் அல்ல. இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை கால்வெஸ்டனில் சீவுல்ஃப் பார்க் பக்கம் போய்ப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் தோளோடு தோள் இடிக்க நிற்கிறார்கள். கடலுக்குப் போகும் மீன் கடக்க வேண்டிய வாய் அது. கல்யாண வீட்டு வாசலில் நின்றுகொண்டு, நாங்கள் நாலு பேர்தானே என்று சொல்ல முடியுமா?

நம் ஊரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் அந்த இரண்டு மாதம் எத்தனை வீட்டில் கையைப் பிசைந்துகொண்டிருப்பார்கள் என்று என் வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அந்த வீட்டுப் பிள்ளைகள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டு வாங்கக் காசில்லாமல் வந்தவர்கள். அங்கே வயிற்றைக் கட்டிக்கொண்டு கடலுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். இங்கே பொழுதுபோக்குக்கு வந்தவர்களால் ஒரு முள்ளை மாற்ற முடியாதா?

வட கரோலினாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லவே வேண்டாம். அங்கே நிலைமை முற்றி, 2024-இல் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு ஃப்ளவுண்டர் எடுக்க ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. டெக்சாஸ் பிள்ளைகளே, பக்கத்து வீட்டுக்காரர் பரீட்சையில் தோற்றதைப் பார்த்தாவது படியுங்கள்.

5. “சர்க்கிள் ஹூக்கில் மாட்டறதே இல்லை. பாதி மீன் தப்பிச்சிடுது.”

இதுதான் நிஜமான காரணம். மற்றதெல்லாம் சாக்கு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சர்க்கிள் ஹூக் என்பது முனை உள்பக்கம் திரும்பிய வட்டமான முள். முனை வெளியே நீட்டிக்கொண்டு இருக்காததால் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வெளியே வரும். வாய் ஓரத்துக்கு வந்து திரும்பும்போதுதான் தாடை மூலையில் மாட்டும். மெக்சிகோ வளைகுடாவின் ஆழ்கடல் பகுதியில் பாறை மீன்களுக்கு இயற்கை இரை போடுபவர்கள் 2008-இலிருந்து இந்த முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதியே இருக்கிறது. புதுக் கண்டுபிடிப்பு அல்ல, ஆகாசத்திலிருந்து விழுந்ததும் அல்ல.

இதில் ஏன் தப்புகிறது தெரியுமா? நீங்கள் வெடுக்கென்று இழுப்பதால். சாதாரண முள்ளுக்கு வெட்டி இழுக்க வேண்டும். இதற்கு அது கூடாது. இழுத்தால் முள் மாட்டுவதற்கு முன்பே வாயைவிட்டு வந்துவிடும். நரம்பை மெல்ல இறுக்கி, ஒரே சீராகச் சுற்ற வேண்டும். இரண்டாவது, இரை பெரிது. ஐந்தங்குல மடவையைப் போட்டால் மீன் நடுவில் கவ்வும், முள் வாய்க்கு வெளியே இருக்கும். மூன்றாவது, முள்ளின் வாயையே இரையால் அடைத்துவிடுகிறீர்கள். குத்த இடமே இல்லை.

இந்த மூன்றையும் சரி செய்த பிறகும் சில மீன் தப்பும். ஒப்புக்கொள்கிறேன். தப்பட்டுமே! ஐந்து மீன்தான் வீட்டுக்குக் கொண்டுவர முடியும் என்ற இடத்தில், ஆறாவது தப்பினால் யார் வீட்டில் உலை கொதிக்காமல் போகிறது?

6. “மீன்தானே டீச்சர். நீங்க சாப்பிடறதில்லையா?”

நன்றாகச் சாப்பிடுகிறேன். மாப்பிள்ளை கொண்டுவந்த ஃப்ளவுண்டரை மஞ்சள், மிளகாய்த்தூள் தடவித் தோசைக்கல்லில் போட்டு நானேதான் வறுத்தேன். முள் குறைவு, பேரனுக்குக் கொடுக்கப் பயமில்லை. மீனைக் கொல்லாதே என்று நான் சொல்லவில்லை. கொன்றால் சாப்பிடு. சாப்பிடாததைக் கொல்லாதே. கொன்றதைக் கணக்கில் வை. ஐந்து மீனை ஐஸ்பெட்டியில் வைத்து, எட்டு மீனைத் தண்ணீருக்கடியில் சாகவிட்டவர் அன்று பிடித்தது ஐந்து அல்ல, பதின்மூன்று. கணக்கு டீச்சர் இல்லை நான். ஆனால் இந்தக் கூட்டலுக்குக் கணக்கு டீச்சர் தேவையில்லை.

இப்போது எப்படிக் கோப்பது என்று சொல்கிறேன். குறை சொன்னவள் வழியும் சொல்ல வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்.

நரம்பு: தூண்டில் நரம்பில் முதலில் முட்டை வடிவ ஈயக்குண்டைக் கோருங்கள். நடுவில் துளை உள்ளது, தடையில்லாமல் ஓட வேண்டும். நீரோட்டத்தைப் பொறுத்து அரை அவுன்ஸிலிருந்து ஒரு அவுன்ஸ். அதற்குக் கீழே ஒரு சின்ன மணி, முடிச்சை ஈயம் நசுக்காமல் இருக்க. பிறகு சுழல் வளையம். வளையத்தின் மறுபக்கம் ஒன்றரை அடி தங்கூசி, இருபது பவுண்ட் தாங்குவது. அதன் நுனியில் முள். ஈயம் ஓடுகிற மாதிரி இருப்பதால் மீன் இரையைக் கவ்வும்போது அதன் கனம் அதற்குத் தெரியாது. ஆனால் நரம்பைத் தொளதொளவென்று விட்டால் கடித்ததும் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அது விழுங்கிக்கொண்டிருக்கும். தொண்டையில் மாட்டுகிற மீனில் பல இப்படித்தான். கையில் தூண்டில், விரலில் நரம்பு, போன் பையில். வகுப்பில் சொன்ன அதே விதி.

முள்: சர்க்கிள் ஹூக், மூன்றங்குல இரைக்குத் தகுந்த அளவு. துருப்பிடிக்காத எஃகு வேண்டாம். ஒருவேளை உள்ளேயே விட நேர்ந்தால் துருப்பிடித்துக் கழியக்கூடிய முள்ளாக இருக்கட்டும்.

இரை: மடவைக் குஞ்சு, சேற்று மீன் குஞ்சு, இறால் மூன்றும் நல்லது. நம் பழவேற்காட்டில் கிடைக்கிற மடவையும் டெக்சாஸ் மடவையும் ஒரே இனம், தெரியுமா? விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம். பெரிய இரைக்குப் பெரிய மீன் வரும் என்பார்கள். வரும். ஆனால் சின்ன மீனும் பேராசையோடு வந்து கவ்வும், திருப்பி விழுங்க அதிக நேரம் எடுக்கும், நீங்களும் அதிக நேரம் காத்திருப்பீர்கள். முள் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோப்பது: கீழ்த்தாடைக்கு அடியிலிருந்து மேலுதடு வழியாக, மூக்குத் துளைக்கு முன்னால். இப்படிக் கோத்தால் இரை தலை முன்னோக்கி இயல்பாக நீந்தும், மூச்சு விடும், நீண்ட நேரம் உயிரோடு இருக்கும். மீன் எப்போதும் தலைப்பக்கமாகத்தான் விழுங்கும் என்பதால் முள்ளும் அது வாய் வைக்கிற பக்கத்திலேயே இருக்கும். முள்ளின் முனையும் வாயும் நன்றாகத் திறந்து தெரிய வேண்டும். வாளியில் இரையை அடைக்காதீர்கள். காற்றுக் குழாய் ஓடட்டும், தண்ணீரை மாற்றுங்கள். வாளிக்குள்ளேயே பாதி இரை செத்தால் அதுவும் உங்கள் கணக்குத்தான்.

இழுப்பது: தரையோடு மெல்ல, நின்று நின்று இழுத்து வாருங்கள். டொக் என்றதும் தூண்டில் நுனியைத் தாழ்த்தி ஐந்து எண்ணுங்கள். முப்பது அல்ல, ஐந்து. பிறகு கனம் தெரியும்வரை மெல்ல இறுக்கி, சீராகச் சுற்றுங்கள். வெட்டி இழுக்காதீர்கள். ஃப்ளவுண்டர் கரை அருகில்தான் கடைசி உதறு உதறும். அதனால் கைவலையைத் தண்ணீரிலேயே தயாராக வைத்திருங்கள்.

விடுவது: கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து ஒரே தடவை அளங்கள். சின்னது என்றால் தாடையிலிருந்து முள்ளைக் கழற்றித் தண்ணீருக்குள் தாழ்த்தி விடுங்கள். எறியாதீர்கள். எல்லாக் கவனத்தையும் மீறி ஒன்று விழுங்கிவிட்டது என்றால் குறடைக் கீழே வையுங்கள். முறுக்காதீர்கள். நரம்பை வாயருகில் வெட்டி, முள்ளோடு விடுங்கள். நாற்பது காசு முள்ளுக்காகத் தொண்டையைப் பிடுங்குவது சிக்கனம் அல்ல. இப்படி விட்டாலும் எல்லாம் பிழைக்காது. ஆனால் முறுக்கி இழுத்ததைவிட வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. ஐந்து கிடைத்துவிட்டால் தூண்டிலைச் சுருட்டுங்கள். ‘சும்மா பிடிச்சு பிடிச்சு விடலாம்’ என்று தொடர்வது இந்த மீனிடம் வேண்டாம். தடைக்காலத்திலும் அப்படித்தான். நவம்பரில் எடுக்கத்தான் கூடாது, பிடித்து விடலாமே என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினார். முட்டை நிறைந்த வயிற்றோடு கடலுக்குப் போகிறவளைத் தொண்டையில் குத்தி நிறுத்தி, படம் எடுத்துவிட்டு வழியனுப்புவதற்குப் பெயர் என்ன தம்பி? அந்த 44 நாள் வேறு மீன் பிடியுங்கள். கடலில் ஃப்ளவுண்டர் ஒன்றுதானா இருக்கிறது?

கடைசியாக, இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். அந்த வீடியோவில் கைப்பிடிச் சுவரோரம் இரண்டு குழந்தைகள் நின்றார்கள். ரத்தம் வழிகிற மீன் தண்ணீரில் விழுகிறது, பெரியவர்கள் கைதட்டுகிறார்கள், குழந்தைகளும் கைதட்டுகிறார்கள். அன்று அந்தக் குழந்தைகள் படித்த பாடம் என்ன? ஒன்றைக் கெடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தள்ளிவிட்டால் அதற்குப் பெயர் இரக்கம் என்று படித்தார்கள். மீனோடு இந்தப் பாடம் நிற்காது. ஆற்றுக்கும் இதே பாடம்தான், குப்பைக்கும் இதே பாடம்தான், நாளை வயதான நம்மைப் போன்றவர்களுக்கும் இதே பாடம்தான்.

முப்பத்தொரு வருடம் வகுப்பில் நின்றவள் என்ற உரிமையில் கேட்கிறேன். அடுத்த தடவை போகும்போது பெட்டியில் இருக்கும் நீளக்கால் முட்களை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். குழந்தையின் கையில் இரையைக் கொடுத்து, உதட்டில் எப்படிக் கோப்பது, ஏன் அங்கே கோப்பது என்று சொல்லிக்கொடுங்கள். ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள். ஐந்து வரை எண்ணத் தெரிந்த எந்தக் குழந்தையும் இதைச் செய்யும்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். படித்துப் பதில் சொல்வேன். ‘சூப்பர் டீச்சர்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். முள்ளை மாற்றியவர்கள் மட்டும் கை தூக்குங்கள். வருகைப்பதிவு எடுக்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் டீச்சர்